பாகைவட்ட அளவுத்திருத்தம்

பாகைவட்ட அளவுத்திருத்தம் என்பது, விண்மீன்களின் இருப்பிடத்தை அளக்கும் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட வட்டத்தின் அளவுக்கோடுகள் தமக்குரிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளன எனக் கண்டறியும் செயல்முறை ஆகும்.

தேவை

நெடுவரை வட்டம் எனப்படும் தொலைநோக்கி வடக்கு-தெற்குத் தளத்தில் மட்டுமே சுழலும். விண்மீன் நெடுவரையைக் கடக்கும் நேரத்திலிருந்து அதன் வல ஏற்றமும், பாகைவட்டத்தின் அளவீட்டிலிருந்து நடுவரை விலக்கமும் பெறப்படுகின்றன. 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பில் 1 விகலை என்பது ஏறத்தாழ 2.4 மைக்ரோமீட்டர் மட்டுமே. 1 விகலை பிழையுள்ள விண்மீனைக் கொண்டு ஓரிடத்தின் அகலாங்கைக் கணித்தால் நிலத்தில் ஏறத்தாழ 31 மீட்டர் பிழை நேரும். ஒரு விண்மீனை நோக்கும்போதெல்லாம் அதே கோடுகளே பயன்படுவதால், பலமுறை நோக்கிச் சராசரி எடுத்தாலும் இப்பிழை குறையாது.

பிழைகள்

* மையப்பிறழ்வு: வட்டத்தின் மையமும் சுழலச்சும் பொருந்தாமை. எதிரெதிரே அமைந்த இரு நுண்ணோக்கிகளின் அளவீடுகளைச் சராசரி எடுத்தால் இது நீங்கும்.
* கோட்டுப் பிழை: கோடுகள் சம இடைவெளியில் வெட்டப்படாமை. இதனை அளந்தே திருத்த வேண்டும்.
* வளைவு: தன் எடையால் கருவி வளைதல். இது தனியாக ஆராயப்படும்.

முறை

இரு நுண்ணோக்கிகள் ஏறத்தாழ 60° இடைவெளியில் அசையாது பொருத்தப்படுகின்றன. முதலில் 0°, 60° கோடுகளும், வட்டத்தைச் சுழற்றியபின் 60°, 120° கோடுகளும் என ஆறு விற்களும் அளக்கப்படுகின்றன. ஆறு விற்களின் கூட்டுத்தொகை 360° ஆகவே இருக்கவேண்டும். ஆகவே ஆறு அளவீடுகளின் சராசரி நுண்ணோக்கிகளின் உண்மையான இடைவெளியையும், சராசரியிலிருந்து விலகும் அளவு ஒவ்வொரு வில்லின் பிழையையும் தரும். வெளியிலிருந்து வேறு அளவுகோல் தேவையில்லை. பின்னர் இவ்விற்கள் சிறு விற்களாகப் பகுக்கப்பட்டு, இடைப்பட்ட கோடுகளின் பிழைகளும் அட்டவணைப்படுத்தப்படுகின்றன. வெப்பநிலை மாற்றத்தின் விளைவைக் குறைக்க, அளவீடுகள் எதிர்வரிசையிலும் எடுக்கப்படுவதுண்டு.

வரலாறு

டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ரோமர் 1704 இல் நெடுவரை வட்டத்தை அமைத்தார். எட்வர்ட் டிரௌட்டன் 1809 இல் விளக்கிய முறையில், முதலில் புள்ளிகள் இடப்பட்டு, அவற்றின் பிழைகள் நுண்ணோக்கிகளால் அளக்கப்பட்டன. அப்பிழைகளை ஈடுசெய்து இறுதிக் கோடுகள் வெட்டப்பட்டன. கோனிக்சுபெர்க்கில் 1819 இல் ரைக்கன்பாக்கின் நெடுவரை வட்டத்தைப் பெற்ற பெசல், எக்கருவியும் பிழையற்றதன்று எனக் கொண்டு அதன் கோட்டுப் பிழைகளை ஆராய்ந்தார். கிரீனிச்சில் 1851 இல் பயன்பாட்டுக்கு வந்த ஏரியின் கருவியில் ஆறு நுண்ணோக்கிகள் இருந்தன.

விண்வெளிக் காலம்

1989 முதல் 1993 வரை இயங்கிய இப்பார்க்கசு செயற்கைக்கோளில் பாகைவட்டம் இல்லை. எனினும் முழு வட்டம் 360° ஆக மூடவேண்டும் என்னும் அதே கொள்கை, அதன் இரு பார்வைத் திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தைத் திருத்தப் பயன்பட்டது.