கடைச் சைக்கிளுக்கு எந்த டயர்? சரளையில் சறுக்காமல் செல்ல சில யோசனைகள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். மளிகைக் கடைக்காரர்களாகிய நமக்கு, வீடு வீடாகச் சாமான் கொண்டு சேர்க்கும் சைக்கிள்தான் அந்தத் தேர். மொபெட்டும் சரக்கு ஆட்டோவும் வந்துவிட்ட பிறகும், குறுகலான சந்துகளுக்கும் அரை மைல் தூரத்து வீடுகளுக்கும் சைக்கிளே சிக்கனம். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்தச் சைக்கிளின் டயரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? தேய்ந்தால் மாற்றுகிறோம், பஞ்சரானால் ஒட்டுகிறோம், அத்துடன் சரி. இந்த அலட்சியம் எவ்வளவு நஷ்டத்தைக் கொண்டுவரும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டதால், நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு விபத்தும் ஒரு பாடமும்

எங்கள் கடை கோரிப்பாளையத்தில் இருக்கிறது. ஒருநாள் மாலை கடைத் தம்பி ஒருவர் 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றையும் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றையும் கேரியரில் கட்டிக்கொண்டு நரிமேடு பக்கம் சென்றார். குழாய் பதிப்பதற்காக வெட்டி மூடிய ஒரு தெருவில் சரளை பரவிக் கிடந்தது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தம்பி கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருக்க நேர்ந்தது. எண்ணெய் தெருவில் ஓடியது.

சைக்கிளைப் பழுது பார்க்க எடுத்துப் போனபோது சைக்கிள் கடைக்காரர் முன் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த டயர் முன்னாடி பின்னால ஓடினதுதானே?" என்று கேட்டார். ஆமாம், நான்தான் அப்படி மாற்றச் சொன்னேன். பின் டயர் தேய்ந்ததும் அதை முன்னால் போட்டு, புது டயரைப் பின்னால் போடுவது எங்கள் கடையில் பல வருடப் பழக்கம். பாரம் பின்னால்தானே இருக்கிறது, புது டயர் அங்கே இருக்கட்டும் என்ற எண்ணம். அவர் சொன்னார்: "பின் சக்கரம் சறுக்கினா காலை ஊனித் தப்பிச்சுக்கலாம். முன் சக்கரம் சறுக்கினா தப்பிக்க நேரமே கிடையாது."

இந்த ஒரு வரிதான் கட்டுரையின் சாரம். பின் டயர்தான் விரைவில் தேயும் என்பது உண்மை. ஆகவே பின் டயர் தேய்ந்துபோனால், முன்னால் இருக்கும் நல்ல டயரைப் பின்னால் கொண்டுபோய், புது டயரை முன்னால் போட வேண்டும். செலவு அதே ஒரு டயர்தான். மாற்றிப் போடும் வரிசை மட்டுமே வேறு. நான் தலைகீழாகச் செய்துவந்தேன்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

ஓட்டுபவர் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, சாமான் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 130 கிலோ. கேரியரில் பாரம் இருப்பதால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 87 கிலோ, பின் சக்கரத்தின் மேல் விழும். முன் சக்கரத்துக்கு மிச்சம் 43 கிலோதான். டயரில் 50 பவுண்டு காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ அழுத்தம். அந்தக் கணக்கில் பின் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 25 சதுர செ.மீ.; முன் டயர் தொடுவது சுமார் 12 சதுர செ.மீ. மட்டுமே. ஒரு தீப்பெட்டியின் மேல்புறத்தைவிடக் குறைவு! இது தோராயக் கணக்குதான். ஆனாலும் அவ்வளவு சிறிய இடத்தை நம்பித்தான் ஒரு மனிதர் வளைவில் திரும்புகிறார் என்பது விளங்கும்.

இதே வண்டியில் மெல்லிய டயரைப் போட்டு 100 பவுண்டு காற்று அடித்தால், முன் டயர் தொடும் பரப்பு 6 சதுர செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். கட்டைவிரல் ரேகை பதியும் அளவுதான். தார்ச் சாலையில் அதுவே போதும். சரளையில் அப்படியல்ல. கல் உருளும், அதன் மேல் ஏறிய டயரும் உடன் உருளும். காற்று குறைவான அகல டயர் கல்லின் மேல் கொஞ்சம் மடங்கிக் கொடுத்து அதைக் கவ்விக்கொள்ளும். இறுகிய டயர் கல்லின் மேல் துள்ளும். ஆகவே சரளைக்கு வேண்டியவற்றில் முதலாவது அகலம், இரண்டாவது அளவான காற்று. டயரின் மேல் உள்ள பூவேலை மூன்றாவதுதான்.

காற்றடைத்த டயரின் நோக்கமே இதுதான். 1888-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்காமல் ஓடட்டும் என்றுதான் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். பிரான்சில் 1896 முதல் நடந்துவரும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் பல மைல் தூரம் கல் பாவிய சாலைகளில் ஓட்ட வேண்டும். வேகமே குறியான அந்த வீரர்களும் முன்பு போட்ட மெல்லிய டயர்களைக் கைவிட்டு, இப்போது 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமான டயர்களுக்கு மாறிவிட்டார்கள். கரடான சாலையில் துள்ளாத டயர்தான் வேகமாகவும் ஓடும் என்று கண்டுகொண்டதே காரணம்.

பட்டன் டயர் எல்லா இடத்துக்கும் ஆகுமா?

கட்டை கட்டையாக மேடு வைத்த பட்டன் டயரைப் பார்த்ததும், இதுதான் சறுக்காது என்று தோன்றும். சாலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தார்ச் சாலை, சிமென்ட் சாலை: இங்கே பிடிப்பைத் தருவது ரப்பர்தான், மேடு அல்ல. பட்டன் டயரில் கட்டைகளின் உச்சி மட்டுமே தரையைத் தொடுவதால் பிடிப்பு குறையும், மிதிப்பதும் கடினம். மழைத் தண்ணீரைத் தள்ள ஆழமான வெட்டு வேண்டாமா என்று கேட்கலாம். அது வேகமாகப் போகும் கனமான மோட்டார் வாகனங்களுக்கு. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் தயாராகும் மோட்டார் சைக்கிள் டயர்களைப் பார்த்துச் சைக்கிள் டயரை எடை போடக் கூடாது. சைக்கிள் டயர் குறுகலானது, வேகமும் குறைவு. தண்ணீரைத் தானே பிளந்து செல்லும்.

கெட்டியான தரையின் மேல் சிதறிய பொடிக்கல்: நம் நகரத் தெருக்களில் அதிகம் காண்பது இதுதான். விபத்தும் இங்கேதான் அதிகம். கட்டைகள் குத்தி இறங்க மண்ணே இல்லாததால் பட்டன் டயராலும் பெரிய பயன் இல்லை. அகல டயர், குறைந்த காற்று, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது ஆகிய மூன்றும்தான் காப்பாற்றும்.

கிராவல் மண் சாலை, சரளைச் சாலை: அழகர்கோவில் பக்கமும் ஒத்தக்கடை பக்கமும் உள்ள கிராமங்களுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு இது பொருந்தும். நடுவில் நெருக்கமான சிறு மேடுகளும் இரு ஓரங்களிலும் சற்றுப் பெரிய கட்டைகளும் உள்ள டயர் ஏற்றது. நேராக ஓடும்போது நடுப்பகுதி இலகுவாக உருளும். திரும்பும்போது ஓரக் கட்டைகள் மண்ணைப் பிடிக்கும்.

கரிசல் மண்: திருமங்கலம், கள்ளிக்குடி வட்டார வியாபாரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். மழை பெய்தால் எந்த டயரானாலும் மண் அப்பிக்கொள்ளும். கட்டைகள் இடைவெளி விட்டு அமைந்திருந்தால் மண் ஓரளவு உதிரும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நல்ல இடம் இல்லையென்றால் சக்கரமே சுற்றாது.

மெல்லிய டயர் சைக்கிள் வைத்திருப்போருக்கு

பிள்ளைகள் ஆசையாக வாங்கி, கல்லூரி முடித்ததும் ஓரம் கட்டிய ரேஸ் சைக்கிள் இன்று பல வீடுகளில் இருக்கிறது. சும்மா நிற்பானேன் என்று அதைக் கடை வேலைக்கு எடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் 700 × 23 அல்லது 700 × 25 டயர் போட்டிருக்கும். அதாவது அகலம் 23 அல்லது 25 மில்லிமீட்டர். சரளைக்கு இது போதாது. 32 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. ஆனால் உடனே ஓடிப்போய் வாங்கிவிட வேண்டாம். பிரேக், போர்க்கு, பின் சட்டம் மூன்றிலும் டயருக்கு இருபுறமும் மேலும் நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள பழைய ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் 25 அல்லது 28-க்கு மேல் நுழையாது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் 32-உம் அதற்கு மேலும் போடலாம். அகல டயர் நுழையாத வண்டியை வீட்டுப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, கடைக்கு வேறு சைக்கிள் வைப்பதே புத்திசாலித்தனம். எப்படியும் ரேஸ் சைக்கிள் 50 கிலோ பாரம் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

நம் பழைய கம்பி பிரேக் சைக்கிளின் 28 × 1½ டயர் 40 மில்லிமீட்டர் அகலம். கனமான வண்டி என்று இளைஞர்கள் கேலி செய்தாலும், வெளிநாடுகளில் சரளைச் சாலைக்கென்றே தனியாக விற்கும் சைக்கிள்களில் இன்று போடும் டயரின் அகலமும் ஏறக்குறைய அதேதான்.

எண்ணைப் படித்து வாங்குங்கள்

டயரின் பக்கவாட்டில் இரண்டு விதமாக அளவு அச்சிட்டிருப்பார்கள். அங்குலக் கணக்கு ஏமாற்றும். 26 × 1⅜ என்பதும் 26 × 1.75 என்பதும் இரண்டும் 26 அங்குலம்தானே என்று வாங்கினால் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று உட்காராது. முதலாவதன் ரிம் அளவு 590 மில்லிமீட்டர், இரண்டாவதன் அளவு 559. ஆகவே 40-635, 32-622 என்பது போல நடுவில் கோடிட்ட எண்ணைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது ரிம்மின் அளவு. இரண்டாவது எண் பழைய டயரில் உள்ளதுடன் அப்படியே ஒத்துப்போக வேண்டும். முதல் எண்ணைத்தான் இடமிருந்தால் கூட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசையைக் காட்டும்.

வாங்கும்போது டயரை லேசாக மடித்துப் பாருங்கள். வெகுநாள் கிடங்கில் கிடந்த டயரில் மயிரிழை வெடிப்பு தெரியும். இறுகிப்போன ரப்பர் எவ்வளவு மேடு இருந்தாலும் பிடிக்காது. விலை குறைவு என்று அதை வாங்க வேண்டாம்.

காற்று எவ்வளவு?

பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவை ஒருபோதும் மீறக் கூடாது. 32 மில்லிமீட்டர் டயரில் பாரமில்லாமல் சரளையில் போக, சராசரி எடையுள்ளவருக்கு 45 முதல் 55 பவுண்டு போதும். பாரம் ஏற்றினால் பின்னால் கூட்ட வேண்டும். முன் டயரில் எப்போதும் பின் டயரைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். மிகவும் குறைத்தாலும் ஆபத்து. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் ஒட்டும்போது அப்படி ஜோடி ஓட்டை தெரிந்தால் ஆணியைத் தேட வேண்டாம். காற்று போதவில்லை என்று பொருள்.

ரேஸ் சைக்கிள்களின் மெல்லிய வால்வுக்குத் தெருமுனை பம்ப் பொருந்தாது. சிறிய அடாப்டர் ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்து வைப்பது நல்லது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. எண்ணெய் டின்கள் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். எண்ணெயும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஒழுகும் டின்னைக் கேரியரில் வைத்தால் பின் டயர் வழுக்கும்.

2. நாள் முழுவதும் வெயிலில் நிறுத்த வேண்டாம். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

3. கனமான பொருளைக் கேரியரில் இருக்கைக்கு ஒட்டி, தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள். பின்னால் தள்ளிக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி, பிடிப்பு இன்னும் குறையும்.

4. சரளையில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்க வேண்டாம் என்று ஓட்டுபவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

5. வாரம் ஒருமுறை, விடுமுறைக்கு முதல் நாள் என்று வைத்துக்கொண்டு, இரண்டு டயரையும் கையால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி வழவழப்பாகித் தட்டையாகத் தெரிந்தாலோ, உள்ளிருக்கும் நூல் தெரிந்தாலோ அன்றே மாற்றுங்கள்.

வேலை நேரத்தில் நேரும் காயத்துக்கு முதலாளியே பொறுப்பு என்ற கொள்கை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நம் நாட்டில் இருந்துவருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்மை நம்பி வந்த பிள்ளை கையில் கட்டுடன் கடை வாசலில் நிற்பதைப் பார்க்கும்போது, ஒரு டயரில் மிச்சம் பிடித்த பணம் கல்லாவில் இருப்பதாகவே தோன்றாது.

இன்று மாலை கடை அடைக்கும் முன் உங்கள் கடைச் சைக்கிளின் முன் டயரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இரண்டில் நல்ல டயர் பின்னால் இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக அதை முன்னால் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதற்குக் கூலி மட்டும்தான் செலவு.