கண்மாயில குளிச்சீங்களா?

மூக்கில் ரத்தம் கசிகிறது என்று யார் வந்து உட்கார்ந்தாலும், பெயர் கேட்பதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: "கண்மாய், ஊருணியில குளிக்கிற பழக்கம் உண்டா?" பெரும்பாலும் நோயாளி வாய் திறப்பதற்குள் கூட வந்தவர் பதில் சொல்லிவிடுவார். "பொறந்ததுலருந்து அங்கதான் டாக்டரம்மா. முங்குனாருன்னா அடிமண்ண எடுத்துக்கிட்டுத்தான் எந்திரிப்பாரு."

இந்தக் கோடையிலும் அப்படித்தான் அடுத்தடுத்து வந்தார்கள். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை மறக்க முடியவில்லை. வலது மூக்கை அடைத்துக்கொண்டு வளர்ந்த சதை, பின்பக்கமாக இறங்கித் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மகன் பிடிவாதமாக அழைத்து வந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "மூணு வருசம் இருக்கும். சூடுன்னு நெனச்சுக்கிட்டோம்."

மூன்று வருடம்! முதல் மாதத்தில் வந்திருந்தால் மிளகளவுச் சதையாக எடுத்திருப்பேன். அந்த மூன்று வருடத்தில் அவர் மூக்குக்கு என்னென்ன நடந்தது என்று கேட்டபோது வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சூட்டின் மேல் போடும் பழி

நம் ஊரில் மூக்கில் ரத்தம் வந்தால் ஒரே தீர்ப்புதான், உடம்புச் சூடு. உடனே இளநீர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பத்து நாளில் ரத்தம் நிற்கும். நின்றதும் சூடு தணிந்துவிட்டது என்று நிம்மதி. மறுபடி வரும், மறுபடி வெந்தயம். இப்படியே ஆண்டுகள் ஓடுகின்றன.

கோடை வறட்சியில், மூக்கைக் குடையும் பிள்ளைகளுக்கு எப்போதாவது ரத்தம் வருவது சகஜம்தான். பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பாலும் வரும். அவற்றைச் சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஒரே பக்க மூக்கிலிருந்து, வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் அடைப்பும் இருக்கிறது. ஆள் கண்மாயிலோ ஆற்றுக் கிடங்கிலோ குளிப்பவர் என்றால், அந்த மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தே ஆகவேண்டும். முசுக்கட்டைப் பழம்போலச் சிவந்து, மேலே வெள்ளை வெள்ளையாகக் குருணை தூவியது போன்ற சதை ஒன்று உள்ளே இருக்கலாம். தொட்டாலே ரத்தம் வரும்.

அதன் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. 1900-இல் அர்ஜென்டினாவில் சீபர் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். ஆனால் உலகத்திலேயே இதற்கு அதிகம் ஆளாகிறவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள். அதிலும் தென் தமிழ்நாட்டின் கண்மாய்ச் சீமை இந்த நோய்க்குப் பேர்போனது.

மருத்துவப் புத்தகத்தில் நம் ஊர் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது, தெரியுமா? 1842-இல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற மருத்துவர், வெறுங்காலில் மண்ணில் உழைப்பவர்களின் பாதம் வீங்கிப் புண்ணாகித் துளைவிடும் நோயை எழுதி வைத்தார். இன்றும் உலகம் முழுக்க அதற்கு 'மதுரா ஃபுட்' என்று பெயர். அதுவும் பெரிதாக வலிக்காமல், மெல்ல மெல்ல வளரும் நோய். வலிக்காத எதையும் நாம் நோயாக மதிப்பதில்லை. மூக்குச் சதையிலும் அதே கதைதான்.

சாறு, பொடி, நூல்

மேலூர்க்காரர் முதலில் செய்தது தும்பைச் சாற்றை மூக்கில் பிழிந்தது. பிறகு நொச்சி ஆவி. பிறகு யாரோ சொன்னார்கள் என்று மூக்குப்பொடி. பிறகு மருந்துக்கடைச் சொட்டு மருந்து, அதுவும் ஒன்றரை வருடம், தினம் மூன்று வேளை. கடைசியில் யாரோ ஒருவர் நூலால் கட்டி இழுத்து எடுத்துவிட்டிருக்கிறார். "பாதி வந்துருச்சு, மீதி தானா உதிர்ந்துரும்னாக."

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தும்பைச் சாறு மூக்குக்குள் எரிச்சலைக் கிளப்பித் தும்மலை வரவழைக்கும். ரத்தம் கசியும் சதைமேல் அதைப் பிழிந்தால் இன்னும் கசியும். சதை அப்படியே இருக்கும். ஆவி பிடித்தால் சளிக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம், இதற்கு ஒன்றும் செய்யாது. மூக்குப்பொடியைப் பற்றிப் பேசவே எனக்கு மனசில்லை.

கடைச் சொட்டு மருந்து இன்னொரு தனி வினை. ஜலதோஷ அடைப்புக்கு ஐந்து நாள் போடவேண்டியது அது. மாதக்கணக்கில் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். போடாவிட்டால் மூச்சு விட முடியாது என்ற நிலைக்கு மூக்கு வந்துவிடும். என்னிடம் வருபவர்களில் சட்டைப்பையிலேயே அந்தப் புட்டியோடு வருபவர்கள் உண்டு. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால், மருந்துக்கடைத் தம்பியைச் சொல்வார்கள். அந்தத் தம்பி உங்கள் மூக்குக்குள் பார்த்தாரா?

கட்டி இழுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். இந்தச் சதைக்குள் கடுகுக்கும் சிறியதாக ஆயிரக்கணக்கான பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கிருமியின் வித்துகள். பிய்த்தால் அவை சிதறி, மூக்கின் மற்ற இடங்களிலும் ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் இருந்தது நாலு இடத்தில் முளைக்கும். அந்த மனிதருக்கு நடந்தது இதுதான்.

"அறுத்தா திரும்ப வளரும், அதனால கை வைக்கக் கூடாது" என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. திரும்ப வரக்கூடிய நோய் என்பது உண்மை. ஆனால் கை வைக்காமல் விட்டால் நிச்சயம் வளரும். திரும்ப வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பார்த்து எடுத்துவிடலாம். இன்னும் சிலர் புற்றுநோய் என்று பயந்து வீட்டிலேயே மறைக்கிறார்கள். இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. கணவன் தட்டைத் தனியாக எடுத்து வைக்கும் மனைவியரே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

மாத்திரை கொடுத்துக் கரைக்கச் சொல்லி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதை வெகுகாலம் பூஞ்சை என்றே நினைத்திருந்தோம். 1990-களின் கடைசியில்தான், மீன்களைத் தாக்கும் ஒருவகை நீர்வாழ் ஒட்டுண்ணிகளுக்கு இது சொந்தம் என்று மரபணு ஆய்வில் தெரிந்தது. பூஞ்சை மருந்துகளுக்கு இது மசியாமல் போனதில் வியப்பில்லை. சதையைக் கரைக்கும் மாத்திரை கிடையாது, யார் எந்த விளம்பரத்தில் சொன்னாலும்.

கண்ணிலும் வரும்

இமையின் உள்பக்கம், வெண்படலத்தின் மேல், இதே செந்நிறச் சதை தலைகாட்டுவதுண்டு. குளத்தில் முங்கும் சிறுவர்களிடம் இதைப் பார்க்கலாம். கண்கட்டி என்று நாமக்கட்டியை இழைத்துப் பூசுவார்கள்; விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூட்டோடு ஒத்துவார்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கி வளர்ந்த ஊர் இது. ஒரு பஸ் ஏறினால் வந்து காட்டிவிடலாமே!

ஓடுற தண்ணியில ஒன்னும் ஆகாதாமே?

சித்திரைத் திருவிழாவுக்கு வைகை அணையைத் திறந்து, அழகர் ஆற்றில் இறங்கும் அந்த நாளில் தண்ணீரில் கால் நனைக்காத மதுரைக்காரர் உண்டா? எனக்கும் அந்த ஆசை உண்டு. வருசநாட்டு மலையில் புறப்பட்டு 258 கிலோமீட்டர் வரும் ஆறு. ஆனால் ஆண்டில் பல மாதங்கள் வைகை ஓடுவதில்லை. மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. நகரத்துக்குள் சாக்கடையும் அதில் கலக்கிறது. "ஓடுற தண்ணி சுத்தம்" என்கிறோம், ஓடாத தண்ணீரில் குளித்துக்கொண்டே.

கண்மாயிலும் இப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து நிற்கும்போது இருந்த தண்ணீர் வேறு. பங்குனியில் மாடும் எருமையும் கலக்கிய இடுப்பளவுத் தண்ணீர் வேறு. மாடுகளுக்கும் இந்த மூக்குச் சதை வருவதுண்டு. மாடு குளிப்பாட்டும் துறையில் முங்கி விளையாடுவதும், மூக்கு குடைந்து புண்ணான பிள்ளை தண்ணீருக்குள் பல்டி அடிப்பதும் கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பதுபோல. மூக்கின் உட்தோலில் இருக்கும் கீறல் வழியாகத்தான் அது நுழைகிறது என்று கருதப்படுகிறது.

கேரளத்துச் செய்தி

2024-இலும் 2025-இலும் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்திகள் கேரளத்திலிருந்து வந்தபின், நீச்சல் வகுப்பிலிருந்தே பிள்ளையை நிறுத்திவிட்டதாகச் சில அம்மாக்கள் சொன்னார்கள். அந்த நோய் மிக அரிது. குடிப்பதால் வராது. வெதுவெதுப்பான நன்னீர் மூக்கு வழியாக வேகமாக ஏறும்போதுதான் நெக்லேரியா என்ற அந்த அமீபா மூளைக்குப் போகிறது. கடலின் உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது. குளோரின் முறையாகக் கலந்த நீச்சல் குளத்துக்குத் தாராளமாக அனுப்புங்கள்.

அரிது என்றாலும், வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. 2024-இல் கோழிக்கோட்டில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். நோயை வெகு சீக்கிரம் கண்டுபிடித்ததுதான் அவனைக் காப்பாற்றியது. ஆகவே ஆற்றிலோ குளத்திலோ குளித்த பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். மருத்துவரிடம் ஓடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் "குளத்துல குளிச்சான்" என்று நீங்களே சொல்லுங்கள்.

காதுக்குள் காய்ச்சிய எண்ணெய்

குளித்தபின் காதில் குடுகுடுவென்றால் தலையைச் சாய்த்து, காது மடலை இழுத்துவிடுங்கள். அது போதும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், கோழி இறகு, ஊக்கு, பட்ஸ், எல்லாவற்றையும் காதுக்குள் பார்த்து அலுத்துவிட்டேன். ஈரக் காதில் எண்ணெய் விட்டால் காளான் வளரும். செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்கே போகும்.

வந்தால் என்ன செய்வோம்?

எண்டோஸ்கோப் வழியாகப் பார்ப்போம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். மயக்க மருந்து கொடுத்து, சதையை வேரோடு எடுத்து, அது ஒட்டியிருந்த இடத்தைச் சுட்டுவிடுவோம். அந்தச் சூடுதான் முக்கியம். அதனால்தான் நூலால் கட்டி இழுப்பவரால் இதைச் செய்ய முடியாது. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமும் இல்லை. திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு டாப்சோன் மாத்திரையைச் சில மாதங்கள் கொடுப்பதுண்டு. "இது குட்டத்துக்குக் குடுக்கிற மாத்திரையில்ல?" என்று கடையில் கேட்டுப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஒரே மருந்து இரண்டு நோய்க்குப் பயன்படக் கூடாதா? நிறுத்துவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கையெடுத்துக் கேட்கிறேன்

குளிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் வேலை பார்த்தவருக்குக் கண்மாய்த் தண்ணீர் தரும் சுகம் குழாய்த் தண்ணீரில் வராது. பல ஊர்களில் குழாயே வராது. அதனால் இப்படிக் கேட்கிறேன். தேங்கிக் கலங்கிய தண்ணீரில் முங்காதீர்கள். படியில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். முங்கியே தீரவேண்டும் என்றால் மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிமண் எடுக்கும் பந்தயம் வேண்டாம். மூக்கில் தண்ணீரை உறிஞ்சிச் சிந்தும் பழக்கத்தை விடுங்கள். ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து படுக்க வேண்டாம். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மறுநாள் வாருங்கள்.

என் துறைக்கு வெளியே ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பெரியார் கால்வாயில் தண்ணீர் திறந்தாலும், வைகையில் புதுத் தண்ணீர் வந்தாலும், எந்தக் கிருமியையும் விட அதிகம் பேரைக் கொல்வது மூழ்குவதுதான். மணல் பள்ளத்தின் ஆழம் மேலேயிருந்து தெரியாது. மூழ்குகிற பிள்ளை கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். தூக்கி எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள், தலைகீழாகச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சை அமுக்குங்கள், ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். வயிற்றை அமுக்கிக் கழிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் மூளை செத்துவிடும்.

மேலூர்க்காரருக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆனது. மாத்திரை சாப்பிடுகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். போன தடவை பேரனையும் கூட்டி வந்திருந்தார், அவனும் அதே கண்மாயில் முங்குகிறவன். "இவனுக்கும் ஒருதரம் பாத்துருங்க டாக்டரம்மா" என்றார். விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது.