காய்ச்சல் விட்டுச் சென்ற சுவடு

புல்மோட்டை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது அதன் கரிய மணலே. கொக்கிளாய்க் கடனீரேரிக்குத் தெற்கே அலை ஒதுக்கும் இல்மனைற்று மணலைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அக்கரைக்குப் பின்னே குளமும் காடும் வயலுமாய்க் கிடக்கும் உலர்வலயத்துக்கு இன்னுமொரு வரலாறு உண்டு. அது மண்ணில் அன்று, மக்களின் குருதியில் எழுதப்பட்டது. அதனைப் பற்றியே இங்கு சில கூற விழைகிறேன்.

உலர்வலயத்தைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோய் மலேரியா. 1934-35 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இலங்கை முழுவதிலுமாக ஏறக்குறைய 80,000 உயிர்கள் மாண்டன. 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று நாடு அயர்ந்திருக்க, 1969 இல் அது ஐந்து இலட்சத்தையும் தாண்டிற்று. 2012 அக்டோபருக்குப் பின்னரே உள்நாட்டுத் தொற்று ஓய்ந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் போயிற்று. அதன் சுவடும் போயிற்றா?

செங்குருதிக் கலத்தைத் துறைமுகம் நீங்கிய கப்பலுக்கு ஒப்பிட்டு நான் மாணவருக்குக் கூறுவதுண்டு. அதற்குக் கரு இல்லை. புதிய நொதியம் எதனையும் ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. புறப்படும்போது ஏற்றிய சரக்கைக் கொண்டே ஏறத்தாழ 120 நாள்கள் ஓடவேண்டும். பிராணவாயுவைச் சுமப்பதே அதன் தொழில். அப்பிராணவாயுவின் கடுமையே அதனை அரிக்கவும் செய்யும். அவ்வரிப்பைத் தன்மேல் ஏற்றுக் கலத்தைக் காப்பது குளுட்டாதயோன் என்னும் சிறு பொருள். ஒருமுறை காத்ததும் அது வலுவிழக்கும். அதற்கு மீண்டும் வலுவூட்டத் தொடக்கமாய் நிற்கும் நொதியத்தைச் சுருக்கமாக 'ஜி-6-பி-டி' என்பர். இந்நொதியம் குறைந்தால் காவலன் களைத்துவிடுகிறான், ஈமோகுளோபின் திரிந்து திரளாகிறது, கலம் உடைகிறது. குளுட்டாதயோனையே ஆக்கமுடியாத பிறவிக்குறைகளும் உள. அவை மிக அரியவை.

இவ்வுண்மை வெளிப்பட்ட வகை வியப்புக்குரியது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில், கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றி மருந்துகளைச் சோதித்தனர். சிறையிலிருப்போரின் சம்மதம் மெய்ச் சம்மதமாகுமா என்ற வினா பின்னாளில் எழுந்தது. அவ்வினா இன்றும் கனமானதே. பிரைமாகுயின் குளிசையை உண்ட சிலருக்கு மட்டும் சிறுநீர் கறுத்தது, குருதிச்சோகை கண்டது. பழுது உடலிலா, கலத்திலா? அவர்களின் கலங்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, மருந்தைத் தாங்கவல்ல பிறரின் உடலிற் செலுத்தி மருந்து கொடுத்தனர். அங்கும் அக்கலங்களே உடைந்தன. பழுது கலத்தில்தான் என்பது உறுதியாயிற்று. அக்கலங்களிற் குளுட்டாதயோன் குறைந்திருந்ததை எர்னஸ்ட் பியூட்லர் கண்டார். நொதியக் குறையே அதற்குக் காரணம் என்பதைக் கார்சனும் தோழரும் 1956 இல் வெளியிட்டனர்.

இனி வியப்பின் உச்சம். மலேரியா மலிந்த நிலங்களிலேயே இக்குறையும் மலிந்து காணப்படுகிறது. கொடிய மலேரியாவிலிருந்து இது ஓரளவு காப்பளித்தமையால், இதனை உடையோர் பிழைத்துத் தம் பிள்ளைகளுக்கும் அளித்தனர் என்பர் அறிஞர். ஒருகாலத்துக் கேடயமே இன்று குறையாகி நிற்கிறது! நம் வடமத்திய மாகாணத்திலும் இக்குறை உண்டென்பதை 1976 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பெரும்பாலும் தாய் சுமந்து வர, மைந்தனிடம் வெளிப்படும் இயல்பினது இது. உடையவர் பலர் வாழ்நாள் முழுதும் நலமாகவே இருப்பர். கேடு விளைக்கும் பொருள் உட்செல்லும்போதுதான் குறை புலப்படும்.

அப்பொருள்கள் யாவை? பிரைமாகுயின் முதலாவது. ஈரலில் ஒளிந்திருந்து மீண்டும் எழும் மலேரியாக் கிருமியை ஒழிக்க அது வேண்டும். வெளிநாடு சென்று திரும்புவோர் வழியாக அந்நோய் இன்றும் நாட்டினுள் வருகிறதாதலின், அக்குளிசைக்கு வேலை முடிந்துவிடவில்லை. அலுமாரியில் துணிகளுக்கிடையே இடும் நப்தலீன் உருண்டை இரண்டாவது. மூன்றாவதைக் கூறினால் புல்மோட்டைத் தாய்மார் திகைப்பர்: பெருநாளுக்கு அரைக்கும் மருதோன்றி! இக்குறையுள்ள பச்சிளங் குழந்தையின் தோலில் அதனைப் பூச, கலங்கள் உடைந்து கடுஞ்சோகை கண்ட செய்திகளை மருத்துவ ஏடுகள் பதிந்துள்ளன. பெரியவர் கைகளில் அது சிவக்கட்டும்; பாலகர் மேனிக்கு வேண்டாம்.

பிறந்த சில நாளிற் செங்கமாரி கடுத்தால் 'வெயிலிற் காட்டினாற் போகும்' என்று வாளாவிருத்தல் தகாது. இக்குறையுள்ள மகவுக்கு அது மூளையையே தாக்கக்கூடும். உடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பால் கலவாத தேநீர் போற் சிறுநீர் கறுத்தாலும் அவ்வாறே.

குறையை அறிவது அரிதன்று. பியூட்லர் வகுத்த சோதனையில், மருந்திட்டுத் தாளில் வைத்த ஒரு துளிக் குருதி புறஊதாக் கதிரின்கீழ் ஒளிர்ந்தால் நொதியம் உண்டு, ஒளிராவிடிற் குறை. மருந்துக்கு முன் சோதனை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நெறியும் ஆகும். குறையுண்டென்று அறிந்த குடும்பம் அதனை ஒளித்தல் வேண்டா. மாப்பிள்ளைப் பேச்சில் மறைக்கவேண்டிய மாசன்று அது. மலேரியாவோடு போராடிப் பிழைத்த முன்னோர் விட்டுச் சென்ற தழும்பு. அதனை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிட்டால், பிள்ளையொன்றின் உயிர் அந்த ஒரு சொல்லாற் காக்கப்படும்.