“ஒன்றுமே தெரியவில்லை” என்று சாட்சி சொல்வது யார்?

மே மாதம் முடியப்போகிறது, ஜூனில் பள்ளி திறந்துவிடும். அதற்குள் பிள்ளையின் சொத்தைப் பல்லைச் சரிசெய்துவிட வேண்டும் என்கிற அவசரம் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் எனக்கு வரும் கடிதங்களில் தெரிகிறது. அவசரத்தோடு குழப்பமும் சேர்ந்து வருகிறது. ஓரிடத்தில் “மூக்கில் கேஸ் வைத்தால் போதும், பயப்பட மாட்டான்” என்றார்களாம். பக்கத்து ஊரில் அதே பல்லுக்கு “ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம்” என்றார்களாம். இன்னொருவர் நேராக மதுரைக்கே அனுப்பிவிட்டார். மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவர் கேட்பது வேறு: “செடேஷன் என்றால் மயக்கமா, தூக்கமா? மறுநாள் வேலைக்குப் போகலாமா?”

சொத்தை ஏன் வருகிறது, ரூட் கெனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. கேள்வி பயத்தைப் பற்றியது. நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளங்கை வியர்ப்பவர்களுக்கு, டிரில் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுகிறவர்களுக்கு, என்னென்ன வழி இருக்கிறது?

செடேஷனில் மருத்துவ நூல்கள் நான்கு படி சொல்கின்றன: பதற்றம் மட்டும் குறைவது, அரைமயக்கம், ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம். முதல் இரண்டிலும் கூப்பிட்டால் பதில் வரும். மூன்றாவதில் உலுக்கினாலோ கிள்ளினாலோதான் அசைவு வரும். நான்காவதில் அதுவும் இல்லை. இந்தப் படிகள் காகிதத்தில்தான் படிகள். உடம்பில் அது வழுக்குப்பாறை. ஒருவரை இரண்டாம் படியில் உட்காரவைக்கும் அதே அளவு மருந்து இன்னொருவரை மூன்றாவதுக்கு இறக்கிவிடும். ஆகவே “லேசான மயக்கம்தான்” என்று யாராவது சொன்னால், அது அவருடைய உத்தேசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்து கொடுக்கும் வழிகளில் மாத்திரை எளிது, மலிவு. ஆனால் விழுங்கிய பிறகு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கேஸ் என்பது நைட்ரஸ் ஆக்சைடு. மூக்கின் மேல் சின்ன மாஸ்க் வைத்து ஆக்சிஜனோடு கலந்து கொடுப்பார்கள். பல் சிகிச்சைக்கென்றே செய்த கருவிகளில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி பூட்டு இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரஸும் நின்றுவிடும். நைட்ரஸை நிறுத்தி ஆக்சிஜன் மட்டும் ஐந்து நிமிடம் கொடுத்தால் தெளிந்துவிடும். பிள்ளைகளுக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் மட்டும் பயன் இல்லை. முழு மயக்கம் வேண்டும் என்றால் அது ஆபரேஷன் தியேட்டர் வேலை. பிரிட்டனில் தெருமுனைப் பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பதையே 2001 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இனி மருத்துவமனையில் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

மிச்சமிருப்பது நரம்பு ஊசி, அதாவது ரத்தக்குழாயில் போடுவது. கடிதங்களில் உள்ள குழப்பத்தில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான். “தூங்கிக்கொண்டே பல் சிகிச்சை” என்று போர்டுகளில் வருவதும் இதுதான்.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது மிடாசோலம். இதன் ரசாயனம் கெட்டிக்காரத்தனமானது. குப்பிக்குள் அமிலக் கரைசலாக இருக்கும்போது அதன் மூலக்கூறில் ஒரு வளையம் திறந்திருக்கும். அதனால் தண்ணீரில் கரைகிறது, நரம்பில் எரிவதில்லை. ரத்தத்தில் கலந்ததும் அமிலத்தன்மை போய் வளையம் மூடிக்கொள்ளும். உடனே அது கொழுப்பில் கரையும் பொருளாகி மூளைக்குள் நுழைந்துவிடும். எல்லாம் இரண்டு மூன்று நிமிடம். உள்ளே போனதும், நரம்பணுக்களின் பரபரப்பை அடக்குகிற காபா என்கிற இயற்கைப் பொருளின் கையை ஓங்கவைக்கிறது. பயம் தணிகிறது, உடம்பு தளர்கிறது.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. மூளையில் புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் அந்த நேரத்துக்குப் பதிவதை விட்டுவிடுகிறது. பழைய நினைவு எதுவும் போகாது. “பெயர் என்ன?” என்றால் சொல்வார். “வாயைத் திறங்க” என்றால் திறப்பார். ஊசி குத்தும்போது முகத்தைச் சுளிக்கலாம், டாக்டரின் கையைத் தட்டிவிடலாம், “வலிக்குது” என்று சொல்லக்கூடச் செய்யலாம். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் இவற்றில் ஒன்றும் அவருக்கு நினைவிருக்காது.

மிடாசோலத்துக்கு வலியைப் போக்கும் குணம் கிடையாது. வலியைத் தடுப்பது, எல்லோருக்கும் தெரிந்த அந்த மரத்துப்போகும் ஊசிதான், லிக்னோகெயின். அது சரியாகப் பிடிக்காமல் போனால், சீழ் கட்டிய பல்லில் அப்படி நடப்பது சகஜம், நோயாளிக்கு வலிக்கும். விழித்திருப்பவர் சொல்வார்; டாக்டர் நிறுத்தி இன்னொரு ஊசி போடுவார். மிடாசோலம் ஏறியவருடைய முனகலை “மயக்கத்தில் உளறுகிறார்” என்று தள்ளிவிட முடியும். பிறகு அவரே எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமே தெரியவில்லை சார்” என்பார். அதை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டால் விளம்பரம் தயார்.

என்னை உறுத்துவது இதுதான். “வலி தெரியாது” என்பது ஒரு வாக்குறுதி, “வலி நினைவிருக்காது” என்பது வேறொரு வாக்குறுதி. முதலாவது நிறைவேறியதா என்பதற்குச் சாட்சி நோயாளி மட்டுமே. இரண்டாவது வாக்குறுதி அந்தச் சாட்சியின் வாயைத்தான் முதலில் கட்டுகிறது.

வரலாற்றில் இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு ஊரைச் சேர்ந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன்னால் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூட்டம் மோசடி என்று கூச்சலிட்டது. வலித்தது, ஆனால் வழக்கமான அளவுக்கு இல்லை என்று அந்த நோயாளி பிறகு சொல்லியும் பயன் இல்லை. அன்றைக்கு முனகலை மட்டும் நம்பினார்கள். இன்றைக்கு மறதியை மட்டும் நம்பச் சொல்கிறார்கள்.

மறதியால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே அடிபட்ட அனுபவம் உள்ளவருக்கு, ஞானப்பல்லை எலும்பை வெட்டி எடுக்க வேண்டியவருக்கு, அந்த முக்கால் மணி நேரம் மனத்தில் தங்காமல் இருப்பதே பெரிய உதவி. ஆனால் பயம் தெளிவதற்கு ஒரு நல்ல அனுபவம் நினைவில் நிற்க வேண்டும். கேஸ் வைத்துக்கொண்ட பிள்ளை “பரவாயில்லையே” என்று அடுத்த முறை தானாக வந்து உட்காரும். ஊசியில் மறந்தவருக்கு அடுத்த முறையும் முதல் முறைதான்.

மறதியை விடப் பெரிய ஆபத்து மூச்சு தடுமாறுவது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் மிடாசோலம் விற்பனைக்கு வந்தபோது, தங்களுக்குப் பழகிய டயசெபாம் மருந்தின் கணக்கிலேயே டாக்டர்கள் அதைப் போட்டார்கள். வீரியம் பல மடங்கு என்பது பல மரணங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. மூச்சையும் இதயத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வசதி இல்லாத இடத்தில் போடக்கூடாது என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை வந்தது. இந்தியாவில் இது ஹெச்-1 பட்டியல் மருந்து. மருந்துக் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். விற்பதற்குப் பதிவேடு இருக்கிறது. போடுகிறவரின் பயிற்சிக்கு? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நரம்பு வழியே செடேஷன் கொடுக்கும் பல் மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டும். நம் ஊர் கிளினிக் சுவரில் தொங்கும் பி.டி.எஸ்., எம்.டி.எஸ். சான்றிதழ்களையும் பதிவு எண்ணையும் பார்த்து இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

2024 பிப்ரவரியில் ஹைதராபாத்தில், கல்யாணத்துக்கு முன் சிரிப்பை அழகாக்கிக்கொள்ளப் பல் கிளினிக்குக்குப் போன 28 வயது இளைஞர் இறந்துபோனார். மயக்க மருந்து அதிகமானதே காரணம் என்று குடும்பத்தார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். அவசியமான சிகிச்சைகூட இல்லை அது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “வலிக்குமா?” அல்ல. “நீங்கள் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்?” மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வருகிறார், அவர் பெயர் இது, விரலில் ஆக்சிமீட்டர், பக்கத்தில் ஆக்சிஜன், மருந்தை முறிக்க ஃப்ளூமாசெனில் என்று பதில் வந்தால் நல்லது. “நம்ம நர்ஸ் பார்த்துக்குவாங்க” என்று வந்தால், அதே நர்ஸ்தான் எச்சில் உறிஞ்சும் குழாயையும் பிடிக்கிறாரா என்று கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு வேலை என்றால் ஊசி வேண்டாம். பிள்ளையோடு உட்காரும் தாய்க்கும் ஒரு வேலை உண்டு: முனகல் கேட்டால், மரத்துப்போகும் ஊசி பிடித்திருக்கிறதா என்று அங்கேயே கேட்பது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மறுநாள் ஷிப்ட் போகலாமா? ஊசிக்குப் பிறகு 24 மணி நேரம் இயந்திரம், வண்டி, பத்திரத்தில் கையெழுத்து எதுவும் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் கட்டாயம்.

வெறும் வயிறு எவ்வளவு நேரம்? ஊசிக்கு முன் சாப்பாடு ஆறு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம்; பாலும் பால்கோவாவும் சாப்பாட்டுக் கணக்கு.

வேறு மாத்திரை சாப்பிடுகிறேன்? கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், டில்டியாசெம் எல்லாம் மிடாசோலத்தை உடம்பில் தேக்கிவைக்கும், சீட்டோடு போங்கள்.

குடிப்பழக்கம்? மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிக்கு? முதல் மூன்று மாதம் கேஸும் ஊசியும் தவிர்ப்பது நல்லது. மரத்துப்போகும் ஊசியோடு பல் பார்க்கலாம்.

பலத்த குறட்டை? ஊசிக்கு முன் சொல்லியே ஆக வேண்டிய விஷயம்.

முறிவு மருந்து போட்டால் உடனே கிளம்பலாமா? கூடாது, அதன் வேலை மிடாசோலத்துக்கு முன்பே தீர்ந்துபோய் மறுபடி மயக்கம் தட்டலாம்.

செடேஷனே இல்லாமல்? “கையைத் தூக்கினால் நிறுத்துகிறேன்” என்று சொல்லி அதன்படி நிறுத்தும் டாக்டரிடம் பாதிப் பேருக்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அனுமானம்.

விழப்போகிற பால்பல்லுக்கு? சொத்தையை அப்படியே நிறுத்தும் வெள்ளி ஃப்ளோரைடு திரவம் உண்டு. ஊசி, டிரில் இரண்டும் இல்லை, பல்லில் சொத்தை கறுத்துவிடும்.

பல் பிடுங்கிய பிறகு? டாக்டர் வைத்த காஸ் துணியை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள்.

பள்ளி திறப்பதற்குள் முடித்தே ஆக வேண்டுமா? கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் இருந்தாலோ இன்றைக்கே போங்கள், ஜூனுக்காகக் காத்திருக்க வேண்டாம். வெறும் சொத்தை என்றால் சொத்தையான பல் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூங்கவைத்து முடிக்க அவசரப்படாமல், சனிக்கிழமைக்கு ஒன்றாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள்.