காதில் வளரும் தழும்பு: கத்தி வைக்க அவசரப்படாதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்குத் தழும்பு புதிதில்லை. கவாத்துக் கத்தி பட்ட கை, விறகடுப்பில் சுட்ட கால், அட்டை கடித்துச் சொறிந்து புண்ணான கணுக்கால். அகத்தியர்கூடம் மலையேற்றம் தொடங்கும் போனக்காட்டின் லயங்களிலும் இதே கதைதான். பெரும்பாலான தழும்புகள் நாளடைவில் மங்கிவிடும். சில மட்டும் புடைத்து, அரித்து, வளர்ந்துகொண்டே போகும்.

எது கெலாய்டு?

காயம் பட்ட இடத்துக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு ஓரிரு ஆண்டில் தானே தணியக்கூடும். கெலாய்டு அப்படியல்ல. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் பரவும். புண் ஆறிப் பல மாதம் கழித்தும் தலைகாட்டும். புண்ணை மூட உடம்பு உண்டாக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அளவுக்கு மீறிச் சேர்வதால் வருவது இது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், 10 முதல் 30 வயதுக்காரர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் வாய்ப்பு அதிகம். காதுமடல், நெஞ்சு, தோள், மேல்முதுகு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். புற்றுநோய் இல்லை, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

அறுத்தால் போகுமா?

தோட்டுத் துளைக்குப் பின்னால் புளியங்கொட்டை போல வழவழப்பாக, கெட்டியாக ஒன்று திரண்டதும் நூல் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது, சூடு வைப்பது என்று வீட்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு புதுக்காயம், புதுக்காயத்தில் புதுக்கெலாய்டு. மருத்துவரே வெட்டி எடுத்தாலும், வேறு சிகிச்சை சேராவிட்டால் பாதிப்பேருக்காவது திரும்ப வரும், சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக.

ஊசிதான் முதல் வைத்தியம்

டிரையாம்சினோலோன் என்ற ஸ்டெராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே செலுத்துவார்கள். கெட்டித்த சதையில் மருந்து எளிதில் இறங்காது. இறங்கும்போது அந்த இடம் வெளுக்கும், வலிக்கும். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை எனப் பல தடவை போட வேண்டும். முதலில் அரிப்பு அடங்கும், பிறகு மேடு தாழும். சுற்றுத்தோல் மெலிவதும் நிறம் வெளுப்பதும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் மாதக்கணக்கில் ஒட்டும் சிலிகான் பட்டை, திரவ நைட்ரஜன் கொண்டு உறையவைப்பது ஆகியவையும் கைகொடுக்கும். பெரிய கெலாய்டை வெட்டினால், கூடவே ஊசியோ, ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சோ தருவார்கள்.

மலையிலிருந்து போகிறவர்களுக்கு

இரண்டு ஊசியோடு நிறுத்துவதுதான் பெரும் தோல்வி. ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகும், பஸ்ஸும் அரிது. நிறுத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் முதல் நாளே எத்தனை ஊசி, எந்தெந்தத் தேதி என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். விதுரா தாலுகா மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்குச் சீட்டு கேளுங்கள். குடும்பத்தில் கெலாய்டு இருந்தால் பெண் பிள்ளைகளுக்கு இரண்டாவது காதுத் துளை வேண்டவே வேண்டாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.