தற்கொலையால் இறந்தவருக்கு மோட்சமே இல்லையா? திருச்சபை சொல்வது என்ன?

சாவு வீட்டில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்: "தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கு மோட்சம் கிடையாது." பக்கத்தில் பெற்ற தாய் உட்கார்ந்திருப்பார். சொல்பவர் மதத்தை முழுசா படித்தவரா என்றால், பெரும்பாலும் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையையே எடுத்துக்கோங்க. தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர் சாகும் முன் மனம் வருந்திய அறிகுறி இல்லாவிட்டால், அவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது 1917-ன் சட்டத்தொகுப்பு. 1983-ல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-ல் வெளியான மறைக்கல்வி நூல் தற்கொலையைப் பாவம் என்றே சொல்கிறது. ஆனால் கடும் மனப் பாதிப்பு, அச்சம், வேதனை இருந்தால் அவரது பொறுப்பு குறையும், அவரது மீட்பு பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சேர்க்கிறது. அவருக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது.

நம்ம ஊர் சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115.

இஸ்லாமும் தற்கொலையைத் தடை செய்கிறது. ஆனாலும் இறந்தவருக்கு ஜனாஸா தொழுகை உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இந்து மரபில் துர்மரணங்களுக்கென்றே நாராயண பலி என்ற சடங்கு இருக்கிறது.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ அப்படி எண்ணம் வந்தால், டெலி மனஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.