கோர்ட்டில் 21 மணி நேரம்

கல்யாணில் ரயில் ஏறி வி.டி. ஸ்டேஷனில் இறங்குகிறோம். அந்த ஸ்டேஷனுக்கு இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று பெயர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஹைகோர்ட். பெரிய கருங்கல் கட்டடம்.

அங்கே 46ஆம் எண் அறைக்கு வெளியே சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு கைதி பேசிய பேச்சு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தண்டனை கொடுத்த கோர்ட்டே கைதியின் பேச்சைச் சுவரில் பதித்து வைக்குமா? வைத்தது. 1956ஆம் ஆண்டு, தலைமை நீதிபதி சாக்ளா அதைத் திறந்து வைத்தார்.

அந்தக் கைதியின் பெயர் பால கங்காதர திலகர். புனாவில் இருந்தவர். 'கேசரி' என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தியவர்.

1908இல் நம் நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி பீகாரில் முசாபர்பூர் என்ற ஊரில் குண்டு வெடித்தது. இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தார்கள். இதைப் பற்றிக் 'கேசரி' எழுதியது. குண்டு வீசுவது சரி என்று திலகர் சொல்லவில்லை. இளைஞர்கள் ஏன் குண்டைக் கையில் எடுத்தார்கள்? அரசாங்கத்தின் அடக்குமுறைதான் காரணம். மக்களுக்கு உரிமை கொடுங்கள், இது தானாக நிற்கும். இதுதான் அவருடைய கருத்து.

அரசாங்கத்துக்குக் கோபம் வந்தது. ஜூன் 24ஆம் தேதி பம்பாயில் திலகரைக் கைது செய்தார்கள். ராஜத் துரோகக் குற்றம் சாட்டினார்கள். அதாவது, அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு வெறுப்பை ஊட்டினார் என்ற குற்றம்.

ஜாமீன் கேட்டார்கள். நீதிபதி தாவர் மறுத்துவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1897இலும் திலகர் மேல் இதே மாதிரி வழக்கு வந்தது. அப்போது தாவர் வக்கீலாக இருந்தார். திலகருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்!

ஜூலை 13ஆம் தேதி விசாரணை தொடங்கியது. அந்தக் காலத்தில் ஜூரி முறை இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து வழக்கைக் கேட்பார்கள். குற்றவாளியா, இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள். திலகர் வழக்கில் 9 பேர் ஜூரி. 7 பேர் வெள்ளையர், 2 பேர் பார்சிகள்.

திலகர் எழுதியது மராத்தியில். அந்த வெள்ளையர்களுக்கோ மராத்தி தெரியாது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்? கோபமாகச் சொன்னது கொலை மிரட்டல் போல ஆகிவிடலாம். ஒருவர் எழுதியதைப் படிக்க முடியாதவர்கள் அவர் எழுத்துக்குத் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

திலகர் சட்டம் படித்தவர். தனக்காகத் தானே வாதாடினார். மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் ஏற்றினார். இந்தச் சொல்லுக்கு இதுதானா பொருள் என்று துருவித் துருவிக் கேட்டார். ஜூலை 15ஆம் தேதி பேச ஆரம்பித்தார். நாள் நாளாகப் பேச்சு நீண்டது. மொத்தம் 21 மணி நேரத்துக்கும் மேல் பேசினார்.

இதேபோலத் தன் கருத்துக்காகக் கோர்ட்டில் நின்ற ஒரு கிழவர் உண்டு. கிரேக்க நாட்டு சாக்ரடீஸ். 'ராஜா ராணி' படத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நடித்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். இது நடந்து 2400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏதென்ஸ் நகரத்தில் எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார் அவர். இளைஞர்களைக் கெடுக்கிறார், ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அப்போது அவருக்கு 70 வயது. சுமார் 500 பேர் ஜூரியாக உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்பதை நிறுத்த மாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். விஷம் குடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குடித்து இறந்தார்.

பம்பாயில் ஜூலை 22ஆம் தேதி இரவு தீர்ப்பு வந்தது. குற்றவாளி என்றவர்கள் 7 பேர். இல்லை என்றவர்கள் 2 பேர். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். ஜூரி என்ன சொன்னாலும் நான் குற்றம் செய்யவில்லை என்றார் திலகர். மனிதர்களின் விதியை நடத்துகிற பெரிய சக்தி ஒன்று உண்டு, நான் துன்பப்படுவதால் நான் எடுத்த காரியம் வளரும் என்றால் அப்படியே ஆகட்டும் என்றார். சுவரில் இருப்பது இந்தப் பேச்சுதான்.

6 ஆண்டு நாடு கடத்தலும் 1000 ரூபாய் அபராதமும் விதித்தார் தாவர். மறுநாள் திலகருக்கு 52 வயது முடிகிற பிறந்த நாள். அதே ஜூலையில்தான் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனாருக்கும் இதைவிடக் கடுமையான தண்டனை கொடுத்தார்கள்.

திலகரைப் பர்மாவில் மாண்டலே சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1914 வரை அங்கே இருந்தார். பகவத் கீதையைப் பற்றி ஒரு பெரிய புத்தகத்தைச் சிறையிலேயே எழுதி முடித்தார்.

தீர்ப்பைக் கேட்டதும் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 'கேசரி'யைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் செத்தார்கள். அப்படியும் ஆலைகள் ஓடவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்து, 6 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.